பிரேபன் நடித்த படம்

நடிக்க வரவேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் என்ற செய்தி, எல்லோரும் காபியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

"நோயாளியா நடிக்க வர்றவனுக்கே நோவு. இதுக்குத்தான் எந்த வேலையிலயும் முழுசா இறங்கக்கூடாதுங்கிறது," என்றான் பிரேபன். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரேபன் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவது அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

டென்மார்க்கில், யூட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சிறிய நகராட்சி. அதன் மனிதவளப் பிரிவு முழுவதும் அன்று கூட்ட அறையில் கூடியிருந்தது. நவம்பர் மாதம். காலை ஒன்பது மணிக்கும் வெளியே வெளிச்சம் சரியாக வரவில்லை, மேசையில் மெழுகுவத்திகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அடிக்கடி மருத்துவ விடுப்பில் போகும் ஊழியரை மேலாளர் எப்படி அழைத்துப் பேச வேண்டும் என்பதுதான் பயிற்சி. இவர்கள் முதலில் கற்றுக்கொண்டு, அதைப் படமாகவும் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பள்ளிக்கூடம், முதியோர் இல்லம் என்று ஒவ்வொன்றாகப் போய் அங்குள்ள மேலாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பயிற்சிகளுக்கெல்லாம் பொறுப்பு இங்கெலிஸ. ஐம்பத்தாறு வயது, இருபது வருடத்துக்கு மேல் அதே கட்டடம். விடுப்பில் இருக்கும் ஊழியராக நடிக்க ஆர்ஹுஸ் நகரிலிருந்து நடிகரை ஏற்பாடு செய்ததும் அவள்தான்.

"ஒளிப்பதிவுக்கு ஆள் வந்தாச்சு. இன்னைக்கு விட்டா ஜனவரிக்குத் தள்ளிடும்," என்றாள் ரிக்கெ. பிரிவின் தலைவி. கோபன்ஹேகனிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள், பெரும்பாலானவர்களைவிட இளையவள், எல்லோரையும்விட முன்னதாக அலுவலகம் வருகிறவள். தான் செய்கிற வேலையால் நாலு பேருக்கு நல்லது நடக்கும் என்று உண்மையாகவே நம்பினாள்.

"நம்ம பிரேபன் இருக்கும்போது ஆர்ஹுஸ்ல எதுக்கு ஆள் தேடுறீங்க?" என்று யாரோ சொல்ல, எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கோடைதோறும் ஊர் மன்றத்தில் நடக்கும் கேலி நாடகத்தில் பிரேபன் மேயரின் மனைவியாக வேடம் கட்டுவான். பாதி ஊர் அதற்காகவே சீட்டு வாங்கும். அலுவலகத்தில் அவனுக்கு ஊதிய ஒப்பந்தங்களைப் பார்க்கும் வேலை.

"சம்பளம் தனியா உண்டா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துபோய் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் மேலாளராக நடிக்க மால்தெ. சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பையன். பிரேபனின் கையில் ரிக்கெ ஒரு அட்டையைக் கொடுத்தாள். முதுகுவலி, அடிக்கடி விடுப்பு, பேச விருப்பமில்லாத ஆள் என்று அதில் எழுதியிருந்தது. இங்கெலிஸவின் மடியில் கவனிப்புத் தாள் இருந்தது. மேலாளர் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா, இடைமறிக்கிறாரா என்று அதில் குறிக்க வேண்டும்.

"வந்ததுக்கு நன்றி. காபி குடிக்கிறீங்களா?" என்று மால்தெ தொடங்கினான்.

"காபி வேண்டாம். முதுகு வலிக்குது." சிரிப்பு எழுந்தது. பிரேபன் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடையின் மேல் கவிழ்த்து வைத்தான். "முதுகு இல்ல," என்றான்.

மால்தெ காத்திருந்தான். காத்திருக்கச் சொல்லித்தான் பாடம்.

"காலையில சீக்கிரமே வந்துடுவேன். வண்டிய நிறுத்திடுவேன். ஆனா இறங்க முடியாது. கதவுல கை வெச்சா, கை அப்படியே நிக்கும். ரேடியோல கப்பல்காரங்களுக்கு வானிலை சொல்லுவான். அதைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். என்கிட்ட கப்பலா இருக்கு?" இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. "தெரிஞ்சவங்க யாராவது வந்தா, போனை எடுத்துக் காதுல வெச்சுக்குவேன். அவங்க கைய ஆட்டுவாங்க. நானும் ஆட்டுவேன்."

"இது எவ்வளவு நாளா இருக்கு?"

"தெரியல. கோடை முழுக்க இருந்துச்சு. மெயில் வந்தா படிக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் தெரியுது. சேர்த்து வெச்சா என்ன சொல்லுதுன்னு புரியல. திரும்பத் திரும்பப் படிச்சுட்டு, 'சரி, பார்க்குறேன்'னு பதில் போட்டுடுவேன்."

இங்கெலிஸவின் பேனா நின்றுவிட்டது. ஒரே கேள்வியை அவனுக்கு அவள் மூன்று முறை அனுப்பியிருந்தாள். மூன்று முறையும் அந்த இரண்டு வார்த்தைதான் வந்தது. வேலைப் பளு போலிருக்கிறது என்று எண்ணி மால்தெயிடம் கேட்டு முடித்துக்கொண்டாள்.

"வீட்டுல சொன்னீங்களா?" என்றான் மால்தெ.

"வீட்டுக்காரி கிட்டயா? சிரிக்க வைக்கிறவன்னு நெனச்சு என்னைக் கட்டிக்கிட்டவ. அவகிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

மால்தெ பாடத்தில் இருந்த வரியைச் சொன்னான். "இதைச் சொன்னதுக்கு நன்றி. இப்ப உங்களுக்கு என்ன உதவி தேவைப்படும்?"

பிரேபன் அவனைப் பார்த்தான். "அது தெரிஞ்சா இங்க உக்காந்திருக்க மாட்டேனே, தம்பி."

ரிக்கெதான் முதலில் கைதட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு அறையே தட்டியது. பிரேபன் எழுந்து, மேயரின் மனைவியைப்போல், இல்லாத பாவாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மதியம் கறுப்பு ரொட்டியும் மீனும் சாப்பிட்டு முடித்தபின், கோட்டு மாட்டும் இடத்தில் இங்கெலிஸ அவனைப் பிடித்தாள்.

"பிரேபன், அது நெசமா?"

"எது?"

"அந்த வண்டி விஷயம்."

அவன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தான். "பதினாலு வருஷமா பக்கத்து அறையில இருக்கே. நான் நல்லா நடிச்சா நம்ப மாட்டியா? தாயே, இதுக்குத்தான் நான் பெரிய மேடைக்குப் போகாம இங்கயே கெடக்குறேன்."

அவள் சிரித்தாள். சிரித்தபோது அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இறங்கினாற்போல் இருந்தது. அவன் அப்படிச் சொல்லவேண்டும் என்றுதான் கேட்டாளோ என்று பிற்பாடு பலமுறை யோசித்தாள். மூன்று மணிக்கு அவளுக்கு வேறொரு கூட்டம் இருந்தது. போய்விட்டாள்.

படம் எல்லோரும் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. பிரேபன் அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். டிசம்பரிலேயே பள்ளிகளில் போட்டுக் காட்டத் தொடங்கினார்கள். கடைசி வரியில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இங்கெலிஸ அரங்கின் பின்னால் நின்று அவன் முகத்தைப் பார்க்காமல், பார்ப்பவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடையில் வரிசையில் நிற்கும்போது பிரேபனை அடையாளம் கண்டுகொண்டார்கள். "என்கிட்ட கப்பலா இருக்கு?" என்று பள்ளிக்கூட ஆயா ஒருத்தி சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாளாம். முதியோர் இல்லத்துச் சமையல்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க அண்ணன் கடைசியில அச்சு அசலா இப்படித்தான் இருந்தான், எப்படிய்யா பிடிச்ச?" என்று கேட்டாராம். இதையெல்லாம் பிரேபனே சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிக்க வைத்தான்.

ஜனவரியில் ஒரு நாள் அவன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் மனைவி குத்ரூன் தொலைபேசியில் பேசினாள். மருத்துவர் மன அழுத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், எத்தனை வாரம் என்று சொல்லத் தெரியவில்லை என்றாள். குரலில் கோபம் எதுவும் இல்லை. அறிவிப்பு வாசிப்பது போல் சொன்னாள்.

விதிப்படி அழைத்துப் பேச வேண்டிய நாள் வந்தது. "நீங்களும் கூட இருங்க," என்றாள் ரிக்கெ இங்கெலிஸவிடம். "உங்ககிட்டத்தான் அவர் மனசு விட்டுப் பேசுவார்."

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மழையும் பனியும் கலந்து ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பிரேபன் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். முகம் சிறுத்திருந்தது. தொழிற்சங்கத்திலிருந்து யாரையாவது கூட்டி வரலாம் என்று எழுதியிருந்தார்கள், அவன் தனியாகத்தான் வந்தான். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்றாள் ரிக்கெ.

"பரவாயில்ல."

"இது எப்ப ஆரம்பிச்சதுன்னு சொல்ல முடியுமா? அவசரமில்ல."

பிரேபன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான். "காலையில வண்டிய நிறுத்துவேன். இறங்க முடியாது. கதவுல கை வெச்சா..."

ரிக்கெயின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. கெட்ட சிரிப்பு இல்லை, பதற்றத்தில் வருவது. அதை அவள் உடனே விழுங்கிவிட்டாள். ஆனால் பிரேபன் பார்த்துவிட்டான்.

"பிரேபன்," என்றாள் மெதுவாக. "படத்துல வந்ததைச் சொல்ல வேண்டாம். உங்க நெலமைய உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க."

"இதுதான் என் சொந்த வார்த்தை."

ரிக்கெயின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. "அப்போ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னேனே. கைதட்டினீங்க."

யாராவது பேச வேண்டும், பேச வேண்டியது தான்தான் என்று இங்கெலிஸவுக்குத் தெரிந்தது. ஏதாவது ஒன்று, தன் மனதிலிருந்து ஒன்று. வாய் திறந்ததும் வந்தது எத்தனையோ பயிற்சிகளில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். "இதைச் சொன்னதுக்கு நன்றி, பிரேபன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "மால்தெ இதைவிட நல்லா சொன்னான்," என்றான். வழக்கமான கேலிக் குரல்தான். முகம் மட்டும் கூட வரவில்லை.

அதன் பிறகு எதைக் கேட்டாலும் தலையாட்டினான். பாதி நாள் வேலை, வீட்டிலிருந்து வேலை, மனநல ஆலோசகர், எல்லாவற்றுக்கும் சரி என்றான். ரிக்கெ ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். எதுவும் நடக்காது என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும். ஏப்ரலில் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு அவன் வேலையிலிருந்து விலகினான். போகிறவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் காலை விருந்து வேண்டாம் என்று குத்ரூன் சொல்லிவிட்டாள்.

இங்கெலிஸ ரிக்கெயின் அறைக்குப் போனாள். "அந்தப் படத்தை எடுத்துடணும்," என்றாள்.

ரிக்கெ கதவைச் சாத்தினாள். "நான் அதை யோசிக்கலன்னு நெனக்கிறீங்களா? அவர் போன மறுநாளே போன் பண்ணிக் கேட்டேன். 'இருக்கட்டும், போடுங்க'ன்னார். ரெண்டு தடவை கேட்டேன். ரெண்டு தடவையும் அதே பதில்."

"அவன் இப்ப எதைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்வான்."

"இருக்கலாம். ஆனா அவர் சொன்னதை விட்டுட்டு அவர் மனசுல இருக்கிறதா நாம நெனக்கிறதைச் செய்யணுமா?" ரிக்கெயின் கண்களுக்குக் கீழே கருமை விழுந்திருந்தது. "எனக்கும் தூக்கம் வரல, இங்கெலிஸ. பக்கத்து ரெண்டு நகராட்சியும் கேட்டு வாங்கிட்டாங்க. இனிமே எங்கேருந்தெல்லாம் அதைத் திரும்ப எடுக்கிறது?"

மே மாதம் ஒரு முதியோர் இல்லத்தில் பயிற்சி. முப்பது பேர்போல வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள், இரவுப் பணி முடித்து அப்படியே வந்தவர்களும் இருந்தார்கள். படம் ஓடியது. கப்பல் வரியில் இரண்டாம் வரிசையில் ஒருத்தி சிரித்தாள். முன்னமே கேள்விப்பட்டு, அந்த வரிக்காகக் காத்திருந்தவள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இங்கெலிஸ எழுந்துபோய்ப் படத்தை நிறுத்தினாள். திரையில் பிரேபனின் வாய் பாதி திறந்தபடி நின்றது.

"இது நடிப்பு இல்ல," என்றாள். "இவர் எங்களோட வேலை பார்த்தவர். அன்னைக்கு அவர் சொன்னதெல்லாம் நெசம். நாங்க பத்துப் பேர் உக்காந்திருந்தோம். எங்களுக்கு அதுதான் தொழில். எங்க ஒருத்தருக்கும் புரியல. எனக்குப் புரிஞ்சுது, நான் விட்டுட்டேன்."

சிரித்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் இருந்து ஒரு மேலாளர், கடலில் நீந்துகிறவர்போல் பரந்த தோளுள்ள பெண், கேட்டாள். "அப்போ என்ன சொல்லியிருக்கணும்?"

"தெரியல," என்றாள் இங்கெலிஸ.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். அடுத்து வந்திருந்தவர்கள், எழுதிவைத்திருந்த பாடத்தை விட்டுவிட்டுத் தங்கள் இல்லத்தில் யார் யார் எப்படி இருக்கிறார்கள் என்று தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். பயிற்சி நேரம் முடிந்தும் பேசினார்கள். இத்தனை வருடத்தில் தான் நடத்திய பயிற்சிகளிலேயே இதுதான் உருப்படியானது என்று இங்கெலிஸவுக்குத் தோன்றியது. வீடு வரைக்கும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினாள். வழியெல்லாம் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. பல மாதங்களுக்குப் பிறகு அன்று நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, வேலியை வெட்டிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். வேலிக்கு வெளியே பிரேபன் நின்றுகொண்டிருந்தான். மிதிவண்டியைக் கையில் பிடித்திருந்தான்.

"உள்ள வா. காபி போடுறேன்."

"வேண்டாம்." அவன் நகரவில்லை. "உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

அவளுக்கு உடனே புரிந்தது. "அவங்க உன்னைப் பார்த்துச் சிரிச்சாங்க, பிரேபன். என்னால தாங்க முடியல."

"சிரிக்கட்டுமே! சிரிக்கத்தானே வெச்சிருக்கேன், ஆயுசு முழுக்க." அவன் குரல் உயர்ந்து உடனே தணிந்தது. "ஊரே அதை நடிப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்துச்சு. வேலையில இருந்து நின்னதுக்கு வேற ஏதோ காரணம்னு நெனச்சாங்க. கடைக்குப் போவேன், 'எப்ப அடுத்த படம்?'பாங்க. நானும் ஏதாவது சொல்லிட்டு வருவேன். நாள்ல அந்தக் கொஞ்ச நேரம் நான் பழைய ஆளா இருந்தேன். இப்ப எல்லாரும் தலையச் சாய்ச்சுக்கிட்டுப் பார்க்குறாங்க. ரொட்டிக்கடைப் பொண்ணு காசு வாங்க மாட்டேங்குது."

இங்கெலிஸ கத்தரியைக் கீழே வைத்தாள். வைத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"குத்ரூனுக்கு எனக்கு உடம்பு சரியில்லன்னு தெரியும். அந்த வண்டி விஷயம் நெசம்னு தெரியாது. அவளைப் பத்திச் சொன்னதும் நெசம்னு தெரியாது. படத்துல வர்றதெல்லாம் கதைன்னுதான் சொல்லி வெச்சிருந்தேன். இறைச்சிக் கடையில யாரோ அவ கையப் பிடிச்சு, 'நீங்க எப்படித்தான் தாங்குனீங்களோ'ன்னிருக்காங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட, 'சிரிக்க வைக்கலன்னா உன்னை விட்டுட்டுப் போயிருப்பேன்னு நெனச்சியா?'ன்னு கேட்டா. நான் என்ன சொல்ல?"

"நான் உனக்கு நல்லது செய்யத்தான் நெனச்சேன்."

"உனக்குச் செஞ்சுக்கிட்டே," என்றான் பிரேபன். திட்டுகிற குரல் இல்லை. ஒரு ஒப்பந்தத்தில் இருக்கும் பிழையைச் சுட்டுகிறபோது பேசும் குரல் அது, பக்கத்து அறையிலிருந்து அவள் எத்தனையோ முறை கேட்டது. "அன்னைக்குக் கோட்டு மாட்டுற எடத்துல நீ விட்டுட்டே. அதுல எனக்குக் கோபமில்ல. நானும்தானே உன்னை அனுப்பி வெச்சேன். ஆனா அதை நீ எறக்கி வைக்கிறதுக்கு என் தலைதான் கெடைச்சுதா?"

அவன் வண்டியைத் திருப்பினான். ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே தெருமுனைவரை நடந்தான். வேலி பாதி வெட்டினபடியே அந்த வாரம் முழுக்கக் கிடந்தது.

கோடையில் ஊர் மன்றத்து நாடகத்தில் மேயரின் மனைவியாக வேறு யாரோ நடித்தார்கள். இங்கெலிஸ போகவில்லை. ஆகஸ்டில் பிரேபனின் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டார்கள், செப்டம்பரில் அது விற்றும் போனது. குத்ரூனின் தங்கை இருக்கும் ஆல்ஸ் தீவுக்குப் போகிறார்கள் என்று மால்தெ சொன்னான். அவனும் அதற்குள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் கிளம்பும் நாளன்று வேலையை முடித்துக்கொண்டு இங்கெலிஸ அந்தப் பக்கம் போனாள். சாமான் வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. குத்ரூன் மட்டும் வாசலில் நின்று பூந்தொட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உயரமான, நரைத்த பெண். இங்கெலிஸவைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"அவர் தூங்குறார்," என்றாள். "எல்லாத்தையும் ஏத்தினப்புறம் எழுப்பணும்."

"எப்படி இருக்கான்?"

"ராத்திரி தூங்குறார். பகல்ல கொஞ்சம் நடக்குறார். தங்கச்சி புருஷனோட படகுல போலாம்னு சொல்லிக்கிட்டிருக்கார். போவாரான்னு தெரியாது."

இங்கெலிஸ ஒரு தொட்டியைத் தூக்கிக் கொடுத்தாள், குத்ரூன் வாங்கி அடுக்கினாள்.

"அங்க வந்து ஒருநாள் அவனைப் பார்க்கட்டுமா?" என்றாள் இங்கெலிஸ. "சும்மா, கொஞ்ச நேரம்."

குத்ரூன் பெட்டியின் மூடியை மடித்து மூடினாள்.

"நீங்க வந்தா எழுந்து சட்டைய மாத்திக்குவார். ஏதாவது சொல்லி உங்களைச் சிரிக்க வைப்பார். நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிட்டு நீங்க கிளம்பிடுவீங்க. அப்புறம் ரெண்டு நாளைக்கு அவரால படுக்கைய விட்டு எந்திரிக்க முடியாது." அவள் முகத்தில் பகை இல்லை, களைப்புதான் இருந்தது. "வராதீங்க, இங்கெலிஸ."

இங்கெலிஸ தலையாட்டினாள். கீழே இன்னும் இரண்டு தொட்டிகள் இருந்தன. அவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மாடி ஜன்னலைப் பார்க்காமல் தன் காருக்கு நடந்தாள்.